கிரெப்பா, சொல்லடைவா? மண்டபத்துக் கோப்பு ஒன்றில் நூல்விவரம் தேடிய கணக்கு

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, பாம்பன் கால்வாய் ஆகியவற்றைப் பற்றிய நூல்கள், கட்டுரைகளின் விவரங்களை மண்டபத்தில் இருந்தபடி ஒரே உரைக்கோப்பில் சேர்த்து வருகிறேன். பாதிப் பதிவுகள் ஆங்கிலம்; 1947-இல் தொடங்கி, பின்னர் இவ்வூரில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகள் அவற்றில் மிகுதி. மறுபாதி தமிழ். கோப்பு ரிஃபர் என்ற நூல்விவர வடிவத்தில் உள்ளது: ஆசிரியருக்கு ஒரு வரி, தலைப்புக்கு ஒரு வரி, ஆண்டுக்கு ஒரு வரி, பதிவுக்கும் பதிவுக்கும் நடுவே ஒரு வெற்று வரி. இக்கோப்பில் தேட, வரிவரியாகப் பார்க்கும் கிரெப் போன்ற கட்டளையா, சொற்களை முன்பே அடைவாக்கி வைக்கும் முறையா, எந்தக் கருவி ஏற்றது என்பதே கேள்வி.

ரிஃபர் வடிவத்துக்கென்றே பிறந்த சொல்லடைவு முறை 1970-களின் இறுதியில் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் வகுத்தது. இன்று லினக்ஸில் கிடைப்பது, கிராஃப் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் தொகுப்புக்காக ஜேம்ஸ் கிளார்க் புதிதாக எழுதியது. இண்டெக்ஸ்பிப் கட்டளை கோப்பிலுள்ள சொற்களை அடைவாக்கி வைக்கிறது. லுக்பிப் கட்டளையில் இரண்டு மூன்று சொற்களை எந்த வரிசையில் இட்டாலும், அவை அனைத்தும் உள்ள பதிவுகள் முழுமையாக வருகின்றன. ஒரு சொல் ஆசிரியர் வரியிலும் மற்றொன்று தலைப்பு வரியிலும் இருப்பது தடையில்லை. கட்டுரையை அச்சுக்கோக்கும்போது மேற்கோளை எடுத்து நிரப்பவும் அதே அடைவு உதவுகிறது. இந்த வசதிக்கு நிகர் வேறெதிலும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அடைவின் இயல்பமைப்பு நம் கடற்கரைக்கு ஒத்துவரவில்லை. சொல்லின் முதல் 6 எழுத்தை மட்டுமே அது வைத்துக்கொள்கிறது. ரோமன் எழுத்தில் ராமநாதபுரத்தின் முதல் 6 எழுத்தை இட்டால் ராமநாதன் என்ற பெயருடைய ஆசிரியர்கள் எல்லாரும் உடன் வந்து நிற்பார்கள். எண்களில் 1900 முதல் 1999 வரையிலான நான்கிலக்க எண்களே அடைவில் ஏறும். ஆகவே சங்கு பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் எழுதிய 1914-ஆம் ஆண்டு நூலுக்கு ஆண்டும் தேடுசொல்லாகும். முத்து, சங்குக்குளிப்பு பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதி 1894-இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்ட நூலுக்கு அந்த வாய்ப்பில்லை. 2000-க்குப் பின் வந்த எதற்கும் இல்லை. எக்ஸ், ஒய், இசட் என்ற குறியிட்ட வரிகளைச் சொல்லாமலேயே ஒதுக்கிவிடுவதால், நான் எக்ஸ் வரியில் எழுதிய குறிப்புகள் நெடுநாள் தேடலில் சிக்கவே இல்லை. இதைத் தேர்வுக்குறி ஒன்றால் மாற்றலாம். மாற்ற முடியாதது ஒன்று உண்டு: அதன் கணக்கில் எழுத்து என்பது ரோமன் எழுத்தும் இலக்கமும் மட்டுமே. தமிழ்ச்சொல் அதற்குச் சொல்லே அன்று.

கிரெப் எந்த எழுத்தையும் தேடும். ஆனால் அது வரியையே அறியும், பதிவை அறியாது. தலைப்பு வரி மட்டும் வந்து நிற்க, ஆசிரியர் யார் என்று மறுபடி கோப்பைத் திறக்க வேண்டியிருக்கும். இதற்கு மாற்று ஆக் நிரல்மொழி. அதில் பதிவுப் பிரிப்பானை வெறுமையாக வைத்தால் வெற்று வரி வரையிலான பத்தி முழுவதும் ஒரே பதிவாகிறது. இரண்டு தேடுசொற்களை ‘இரண்டும் வேண்டும்’ என்று இணைக்கலாம். வெளியீட்டிலும் வெற்று வரி கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல் பதிவுகள் ஒட்டிக்கொண்டு வரும். அடைவு இல்லாததால் வேகம் குறையுமே என்று கேட்கலாம். சில ஆயிரம் பதிவுகள் கொண்ட கோப்பில் அந்த வேறுபாட்டைக் கண் உணராது.

தமிழில் தேடுவதற்குச் சற்றுப் பழக்கம் வேண்டும். ‘கடல்’ என்று தேடினால் ‘கடலில்’ அகப்படாது, ஏனெனில் அங்கே புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி இருக்கிறது. புள்ளியை விட்டு ‘கடல’ என்று இட்டால் இரண்டும் வரும். இதே உத்தியைச் ‘சங்கு’க்குச் செய்து ‘சங்க’ என்று இட்டபோது சங்க இலக்கியமும் மீனவர் சங்கங்களும் திரையை நிறைத்தன. இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. தொண்டியிலிருந்து நண்பர் ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பிய பதிவுகளில் தொண்டி என்ற சொல்லே கிடைக்கவில்லை. அவருடைய விசைப்பலகை ‘தொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இட்டிருந்தது, என்னுடையது இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக இடுகிறது. திரையில் இரண்டும் ஒன்றே, கிரெப்புக்கும் ஆக்குக்கும் வேறு வேறு. எழுத்துக்குறிகளை மாற்றியமைக்கும் யூகான்வ் கட்டளையால் கோப்பு முழுவதையும் ஒரே ஒருங்குறி வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே தொண்டி கிடைத்தது.

ஊர்ப்பெயர்களின் ரோமன் எழுத்துக்கூட்டல் தனித் தொல்லை. கீழக்கரைக்கு ஒருவர் ஒற்றை ஐ போடுகிறார், ஒருவர் இரண்டு ஈ போடுகிறார். நடுவில் கே ஒன்றா இரண்டா என்பதிலும் ஒற்றுமை இல்லை. முதல் 6 எழுத்துக்குள்ளேயே பிரிந்துவிடுவதால் லுக்பிப் இங்கே கைகொடுக்காது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் வூவும் மான்பரும் உருவாக்கிய ஏகிரெப், இரண்டு பிழை வரை பொறுத்துக்கொள் என்று சொன்னால் பெரும்பாலான வடிவங்களைக் கொண்டுவருகிறது. பத்தியைப் பதிவாகக் கொள்ளவும் அதற்குத் தெரியும்.

பிப்டெக்ஸ் என்ற மற்றொரு நூல்விவர வடிவத்தில் வைத்திருப்போர்க்கு பிப்டூபிப் கட்டளை போதும். ‘1990-க்குப் பிந்தியவை’ என்று ஆண்டை எண்ணாகவே ஒப்பிடும்.

நான் நாள்தோறும் பயன்படுத்துவது ஆக், ஊர்ப்பெயருக்கு ஏகிரெப், ஆங்கிலக் கட்டுரையை அச்சுக்கோக்கும் நாளில் மட்டும் லுக்பிப். பிடிஎஃப் கோப்புகளின் உள்ளே தேட ரீகால் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய மலர்களின் பக்கங்கள் அதற்கு ரோமன் எழுத்துக் குப்பையாகவே தெரிகின்றன. அவற்றைப் பொறுத்தவரை நான் கையால் எழுதிய பதிவு மட்டுமே வழி. அதைத் தேட மறுபடியும் ஆக்.