குகையை மன்னிக்கலாம், கூரையிலிருந்து குதிப்பவர்களை மன்னிக்க முடியாது: டிராகன் ஏஜ் 2

டிராகன் ஏஜ் 2 என்ற வீடியோ கேமைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் திட்டுவது குகைகளைத்தான். எந்த வேலைக்குப் போனாலும் அதே குகை, அதே கிடங்கு, அதே மாளிகை. சில வழிகளை மட்டும் கல்லை வைத்து அடைத்திருப்பார்கள், திரை ஓரத்தில் இருக்கும் குட்டி வரைபடமோ (மினிமேப்) அடைத்த பகுதியையும் சேர்த்தே காட்டிக்கொண்டிருக்கும். எரிச்சல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடம் கழித்தும் அந்த கேமைத் திறந்தால் எனக்குக் கோபம் வருவது குகையால் இல்லை.

முதல் பாகமான ஆரிஜின்ஸ் வந்தது 2009 நவம்பரில், இது வந்தது 2011 மார்ச்சில். நடுவில் 16 மாதம். அந்த அவகாசத்தில் இவ்வளவு பெரிய ஆர்பிஜியை (ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும் கதை கேம்) முடிக்கச் சொன்னால் ஒரே குகையைத் திருப்பித் திருப்பிப் போடத்தான் செய்வார்கள். அதை எப்போதோ மன்னித்துவிட்டேன். நேரம் போதாமல் குறைந்துபோனது வேறு, யோசித்து முடிவெடுத்து மாற்றியது வேறு. மாற்றியது சண்டையை.

ஆரிஜின்ஸில் சண்டை என்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டி எல்லாவற்றையும் நிறுத்துவோம். கணினியில் கேமராவை மேலே தூக்கி மொத்தக் களத்தையும் ஒரு முறை பார்ப்போம். அடி தாங்கும் வீரனை வாசலில் நிறுத்தி, மந்திரவாதியைப் பின்னால் தள்ளி, கிரீஸ் மந்திரத்தைத் தரையில் விரித்துவிட்டு, எதிரிகள் வழுக்கி விழும் நேரம் பார்த்து நெருப்பை எறிந்தால் அந்த இடம் முழுக்கப் பற்றிக்கொள்ளும். நம் ஆள் உள்ளே மாட்டியிருந்தால் அவனும் சேர்ந்து எரிவான். அதனால் ஒவ்வொரு அடிக்கும் யோசிக்க வேண்டும், தோற்றால் எங்கே பிசகியது என்று நமக்கே தெரியும், உடனே லோட் பண்ணி வேறு மாதிரி முயலத் தோன்றும்.

இரண்டாம் பாகத்தில் அந்த மேல்நோக்குக் கேமரா போயிற்று. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெருவில் நிற்கும் நாலைந்து பேரைப் பார்த்துத் திட்டம் போட்டு, மந்திரவாதியைப் பத்திரமான மூலையில் நிறுத்தி, கடைசி ஆள் விழப்போகிற நேரத்தில் அடுத்த கூட்டம் கூரையிலிருந்து குதிக்கிறதே, அதுவும் அந்த மந்திரவாதியின் முதுகுக்குப் பின்னாலேயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தை முடித்தால் இன்னொன்று. பத்திரமான இடம் என்று ஒன்றே இல்லாத களத்தில் இடம் பார்த்து ஆள் நிறுத்துவதற்கு என்ன அர்த்தம்? நம் மந்திரம் நம் ஆளையும் சுடும் அந்தப் பழைய பயம் வேண்டுமென்றால் மிகக் கடினமான நைட்மேர் நிலையில் ஆட வேண்டும், அங்கேதான் இப்படி அலையலையாக வரும் கூட்டம் உயிரை எடுக்கும். முதல் பாகம் பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் இது ஒவ்வொரு தெருச்சண்டையிலும் வீணடிக்கிறது.

ரசிகர்களுக்கு எதை மாற்றினாலும் பிடிக்காது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படியென்றால் 2010-ல் வந்த மாஸ் எஃபெக்ட் 2-ஐ ஏன் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்? முதல் பாகத்தில் பொருட்களைச் சேர்த்துவைக்கும் பெரிய இன்வென்டரி, மாக்கோ வண்டி எல்லாவற்றையும் தூக்கி எறிந்த கேம் அது. ஆனால் விண்கப்பலில் கூட வரும் ஆட்களுக்காகத்தான் நாங்கள் அதை விரும்பினோம், அந்த ஆட்கள்மேல் இன்னும் அதிகம் உழைத்திருந்தார்கள். 2003-ல் வந்த டியூஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே குண்டு என்று ஆக்கி, எந்தக் குண்டை எப்போதைக்கு மிச்சம் வைப்பது என்ற யோசனையையே ஒழித்தது. ஓடித் தாவும் கேமான மிரர்ஸ் எட்ஜ் கேட்டலிஸ்ட், முதல் பாகத்தில் தொடக்கத்திலிருந்தே நம்மிடம் இருந்த அசைவுகளில் சிலவற்றைப் பூட்டிவைத்து, புள்ளி சேர்த்துத் திறந்துகொள் என்றது. கதாபாத்திரம், ஊர், பெயர் எல்லாம் அப்படியே இருக்கலாம். கை பழகிய யோசனைக்கு வேலை இல்லாமல் போனால் அது வேறு கேம்தான்.

இவ்வளவு திட்டிவிட்டும் இதை அழிக்காமல் வைத்திருக்கிறேன், அதற்குக் காரணம் கூட வரும் ஆட்கள். ஆரிஜின்ஸில் பரிசுப் பொருளாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் யாரையும் நம் பக்கம் இழுத்துவிடலாம். இங்கே ஒருவர் நம்மோடு கடைசிவரை முரண்பட்டே நின்றாலும் அந்த முரண்பாடும் ஒரு உறவாக வளர்கிறது, அதற்கென்று தனி வசனம், தனி முடிவு. அப்புறம் ஏவ்லின். ஊர்க்காவல் படையின் தலைவி, அடிதடிக்கு அஞ்சாதவள், கூட வேலை பார்க்கும் டானிக்மேல் காதல். அதைச் சொல்லத் தெரியாமல் செம்பில் செய்த சாமந்திப் பூச் சித்திரத்தை நம் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அப்புறம் இருவரும் கடற்கரையில் ரோந்து போகும்போது நாம் முன்னால் ஓடி ஓடிக் கொள்ளைக்காரர்களை அடித்துப் போட்டு, சமிக்ஞைத் தீயை ஏற்றிவிட்டு ஒளிந்து நின்று பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவள் பேச்சு வராமல் தடுமாறுகிறாள். நண்பனுக்காகப் பதறுவது போலவே பதறினேன். முதல் பாகத்தில் இதற்கு ஈடாக ஒரு காட்சி இல்லை என்பதே என் கருத்து.

கதை பல வருடங்கள் நகர்ந்தும் அது நடக்கும் கிர்க்வால் நகரம் ஒரு செங்கல்கூட மாறாமல் நிற்பது இன்னொரு குறை, ஆனால் அது குகைக் கணக்கில் போகட்டும்.

ஆரிஜின்ஸை முடித்த சூட்டோடு ஒரு நண்பர், இப்போது மலிவாகக் கிடைக்கிறதே, இரண்டாவதையும் வாங்கிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏவ்லினைப் பற்றி அரை மணி நேரம் சிலாகித்துப் பேசிவிட்டு, பிறகும் வேண்டாம் என்றே சொன்னேன். நிறுத்தி யோசித்து ஜெயிக்கிற அந்தச் சுகத்துக்காக ஆரிஜின்ஸை ஆடியவர் அவர், இதில் அது கிடைக்காது. கதைக்காக மட்டும் ஆடுகிறவர்கள் சண்டையை மிக எளிதான கேஷுவல் நிலையில் வைத்துவிட்டு, கூட வரும் வாரிக்கையும் ஏவ்லினையும் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கலாம், நடக்க நடக்க அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டே வருவார்கள்.