டியூ கட்டுறவர் ஒருத்தர், ஆர்சி இன்னொருத்தர் பேரில்

இந்த முறை ஊருக்குப் போனதில் பாதி லீவு பெரியப்பா மகனின் கார் பின்னாலேயே போனது. கார் அண்ணனிடம் இருக்கிறது. ஆர்சி, கடன், இன்சூரன்ஸ் மூன்றும் கத்தாருக்கு வேலைக்குப் போன அவருடைய நண்பர் பெயரில். "நீ டியூவைக் கட்டிக்கிட்டு வா, கடன் முடிஞ்சதும் பேர் மாத்தித் தர்றேன்" என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம்களிலும் நண்பரின் கையெழுத்தை வாங்கி வைத்திருந்தார்கள். நண்பரும் லீவில் வந்திருந்ததால் இப்போதே முடியுங்கள் என்று நான்தான் நச்சரித்தேன்.

முதலில் ஆர்டிஓ ஆபீஸ். கவுண்டரில் இருந்த அம்மா பத்திரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "ஹெச்.பி. இருக்கே சார், பேங்க் என்ஓசி எங்க?" அவ்வளவுதான். ஹெச்.பி. என்றால் வண்டி மேல் கடன் இருப்பதாக ஆர்சியில் உள்ள பதிவு; என்ஓசி என்றால் வங்கி தரும் தடையில்லாச் சான்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆவது பிரிவுப்படி, கடன் கொடுத்தவர் எழுத்தில் சம்மதிக்காமல் பெயர் மாற்றத்தை ஆர்சியில் பதிய முடியாது. வாசலில் நின்ற புரோக்கரும் அதே என்ஓசியைத்தான் கேட்டார்.

வங்கியில் காக்க வைத்தார்கள், ஆனால் பேச்சு நேராக இருந்தது. இந்தக் கடனை அப்படியே அண்ணன் பெயருக்கு மாற்ற மாட்டார்களாம். நண்பர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், வங்கிக்குத் தெரியாமல் வண்டியைக் கைமாற்றக் கூடாது என்று இருக்கிறது. மீறினால் பாக்கி மொத்தத்தையும் ஒரேயடியாகக் கேட்கலாம் என்று அந்த வரியை விரலால் காட்டினார் அதிகாரி. நண்பரின் முகம் மாறியது.

அண்ணன் நிலைமை அதைவிட மோசம். அவர் மாதாமாதம் ஜிபேயில் 'கார் டியூ' என்று குறிப்புப் போட்டு நண்பருக்கு அனுப்புகிறார். அங்கிருந்துதான் வங்கிக்குப் போகிறது. நண்பர் ஒரு மாதம் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் நண்பர் வீட்டுக்குப் போகும், வண்டியை அண்ணன் வாசலிலிருந்து தூக்குவார்கள். "நான்தான் கட்டினேன்" என்று வங்கியிடம் சொல்ல அண்ணனுக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை. நண்பருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசுகளிடம் போய் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் விபத்துதான். நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். இன்சூரன்ஸ் காலாவதியான வாரத்தில் அண்ணன் யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு கத்தாரில் இருக்கும் நண்பர் தலையில் விழும். இன்சூரன்ஸ் இருந்தாலும், அண்ணன் தன் பெயரில் சொந்தச் சேதத்துக்கு கிளெய்ம் கேட்க வழியில்லை, பாலிசி நண்பருடையது. பெயர் மாறிய பிறகும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: நண்பரின் இந்திய சிம் எப்போதோ செத்துவிட்டது. அண்ணன் வாங்கிய அபராதச் செலான் மெசேஜ்கள் அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தன. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோதுதான் பாக்கி தெரிந்தது. அண்ணன் அங்கேயே நின்று கட்டினார், நண்பர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அண்ணன் தன் பெயரில் பழைய கார் லோன் போட்டார். வட்டி கொஞ்சம் கூடுதல்தான். அந்தப் பணம் பழைய கடனை அடைக்கும்; பிறகு என்ஓசியும், வங்கியும் நண்பரும் கையெழுத்திடும் 35ஆம் ஃபார்மும் வந்ததும் ஹெச்.பி. கேன்சல், பெயர் மாற்றம், புது வங்கியின் ஹெச்.பி. பதிவு என எல்லாம் நடக்கும். நண்பர் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார்.