சாண்ட்பாக்ஸி: வீட்டுக் கணினியில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அறிமுகமில்லாத நிரல்களையும் மின்னஞ்சலில் வரும் இணைப்புக் கோப்புகளையும், நிரல்களை விண்டோஸின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்து ஒரு தனிப் 'பெட்டி'க்குள் இயக்கும் மென்பொருளான சாண்ட்பாக்ஸிக்குள் வைத்தே திறப்பது என்ற வழக்கத்தை எங்கள் வீட்டுக் கணினியில் சில ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறேன். 2004-இல் ரோனன் ட்சூர் வெளியிட்ட இம்மென்பொருள், பிறகு சில நிறுவனங்களின் கைக்கு மாறி, 2020-இல் திறமூலமாக்கப்பட்டது; அதாவது அதன் மூலநிரல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று சாண்ட்பாக்ஸி பிளஸ் என்ற பெயரில் தொடர்ந்து மேம்படுத்தப்படுகிறது.

பெட்டிக்குள் இயங்கும் நிரல் ஒரு கோப்பையோ, விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பதிவையோ மாற்ற முற்படும்போது, மூலத்தைத் தொடவிடாமல், அதன் நகலைப் பெட்டிக்கான தனிக் கோப்புறையில் உருவாக்கி, மாற்றத்தை அங்கேயே எழுத வைப்பதுதான் இதன் அடிப்படை. இது எவ்வளவு பயனுள்ளது என்பதைக் கோப்பு வடிவம் மாற்றும் ஓர் இலவச நிரலைச் சோதித்தபோது கண்கூடாகப் பார்த்தேன். நிறுவி முடித்ததும் பெட்டியின் கோப்புறையைத் திறந்தால், நான் கேட்ட நிரலோடு, நிரல்கள் தம் தரவுகளைச் சேமிக்கும் ஆப்டேட்டா ரோமிங் கோப்புறையில் புரியாத பெயருடன் இன்னொரு எக்ஸி (இயக்கக்கூடிய) கோப்பும், கணினி தொடங்கும்போதெல்லாம் அதை இயக்குவதற்கான ரெஜிஸ்ட்ரி பதிவும் சேர்ந்திருந்தன. பெட்டியின் உள்ளடக்கத்தை அழித்ததும் அத்தனையும் போயின. நிஜமான விண்டோஸில் அவற்றின் சுவடே இல்லை.

ஆனால், இயல்பான அமைப்பில் சாண்ட்பாக்ஸி தடுப்பது எழுதுவதைத்தானே தவிர, படிப்பதை அன்று. பெட்டிக்குள் இருக்கும் தீநிரல் உங்கள் ஆவணக் கோப்புறையைப் படிக்கலாம். இணைய அனுமதி இருந்தால் படித்ததை வெளியே அனுப்பவும் செய்யலாம். பெட்டியை அழிப்பதால் களவுபோன கடவுச்சொல் திரும்பி வந்துவிடாது. ஆகவே, நிறுவிய கையோடு அமைப்புகளுக்குள் சென்று, ஆவணங்கள், புகைப்படங்கள், சேமித்த கடவுச்சொற்கள் போன்றவை இருக்கும் உலாவியின் சுயவிவரம் ஆகிய கோப்புறைகளுக்கான அணுகலை மூடிவிடுவதையும், இணையம் தேவைப்படாத நிரல்களுக்கு அதைத் துண்டித்துவிடுவதையும் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பெட்டிக்குள் இயங்கும் நிரல்களிடமிருந்து நிர்வாகி உரிமைகளைப் பறிக்கும் வசதியும் நல்லதே. எனினும் பெரும்பாலான நிறுவல் கோப்புகள் அவ்வுரிமையைக் கேட்பதால், அவற்றுக்கென வேறொரு பெட்டி வைத்திருக்கிறேன். வங்கிப் பரிவர்த்தனைகளைச் சோதனைப் பெட்டி எதிலும் செய்வதில்லை.

அன்றாடப் பயன்பாட்டில் பெரிய சுமை ஏதும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் சாளரத்தைச் சுற்றி மஞ்சள் விளிம்பு தெரிவதால், எது உள்ளே, எது வெளியே என்பதை வீட்டில் உள்ள அனைவரும் விரைவில் பழகிக்கொண்டனர். விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகளுக்குப் பிறகு சில வேளை உலாவி பெட்டிக்குள் திறக்க மறுக்கும். சாண்ட்பாக்ஸியையும் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

பதிவிறக்கிய கோப்பைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும் தருணம்தான் இம்முறையின் பலவீனமான இடம். மீட்கட்டுமா என்று மென்பொருள் கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டால் அக்கோப்புக்கு அதற்குமேல் வேலி இல்லை. சோதனைச் சூழலை இனங்கண்டு, அங்கே சாதுவாக இருந்துவிட்டு, வெளியே வந்தபின் வேலையைக் காட்டும் தீநிரல்களும் உள்ளன. எனவே பெட்டிக்குள் ஒழுங்காக நடந்துகொண்டது என்பதை மட்டும் வைத்து நான் எதையும் மீட்பதில்லை; வைரஸ் தடுப்பு நிரலின் சோதனையும், கோப்பை வெளியிட்டவர் யார் என்பதைக் காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தின் சரிபார்ப்பும் முடிந்த பிறகே மீட்கிறேன்.

விண்டோஸின் சில பதிப்புகளோடு வரும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸையும் பயன்படுத்திப் பார்த்தேன். கணினிக்குள் இன்னொரு கணினி போன்ற தனி மெய்நிகர் இயந்திரமாக இயங்குவதால் அதன் தடுப்பு இன்னும் வலுவானது. நீங்களாகப் பகிர்ந்தாலொழிய உங்கள் கோப்புறைகள் அதற்குத் தெரியா. மிகுந்த ஐயத்துக்குரிய கோப்புகளுக்கு அதையே தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் மூடியவுடன் எல்லாம் அழிந்துவிடுவதால், நாள்தோறும் திறக்கும் உலாவிக்கு அது ஒத்துவரவில்லை. விண்டோஸின் ஹோம் பதிப்பில் அவ்வசதியே இல்லை என்பதால், அப்பதிப்பை வைத்திருப்பவர்கள், மேலே சொன்ன அமைப்புகளை முதல் நாளே செய்துகொண்டு, சாண்ட்பாக்ஸியைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.