வளைமரமா, சண்டிகர் தேக்கா: மும்பைச் சாப்பாட்டு மேசைக்கு எந்த நாற்காலி?

செம்பூர், மாட்டுங்கா ஃபிளாட்டுகளில் தச்சு மிஸ்திரியிடம் காட்டப்படும் நாற்காலிப் படங்களில் இரண்டு அடிக்கடி வருகின்றன. ஒன்று, இரானி தேநீர்க் கடைகளில் பார்த்துப் பழகிய வளைமர நாற்காலி. 1859இல் தச்சர் மிக்கேல் தோனெட் கொண்டுவந்த 14ஆம் எண் மாதிரியின் வாரிசு அது. மற்றது, 1950களில் சுவிஸ் கட்டடக் கலைஞர் பியேர் ஜான்னரே சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக வடிவமைத்த தேக்கு-பிரம்பு நாற்காலி. வளைமரத்தைப் பழசாக வாங்குங்கள், சண்டிகரைப் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் காசு வீண்.

தோனெட் நாற்காலியில் மொத்தமே ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும். உலகம் முழுக்கப் பரவியது அதனால்தான். பீச் மரக் கம்பை நீராவியில் வேகவைத்து (25 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்), வெளிப்பக்கம் எஃகுப் பட்டை கொடுத்து வளைப்பார்கள். வெந்த மரம் நசுங்கிக் கொடுக்கும், ஆனால் நீளாது. பட்டை இல்லையென்றால் வெளிப்பக்கம் நார்நாராகக் கிழியும். நீராவிப் பெட்டி இல்லாத மிஸ்திரி அகலப் பலகையிலிருந்து வளைவை அறுத்தெடுப்பார். அதில் நார் குறுக்கே வெட்டுப்படும், சாயும்போது அங்கேதான் முறியும். புது வளைவுதான் வேண்டுமென்றால், 2 மி.மீ. மரத்தகடுகளைப் பசை தடவி அச்சில் அடுக்கி இறுக்குவது ஒன்றே வழி.

பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் பழசு பார்க்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். பீச் மரம் எளிதில் உளுத்துப்போகும். ஊசித்துளையும் மாவும் தெரிந்தால் தொடவே வேண்டாம். கால் ஆடினால் பயமில்லை. திருகாணித் துளையில் மரச்சிம்பும் பசையும் வைத்து, அதே அளவுத் திருகாணியையே முடுக்கலாம். ஆணி அடித்தால் கால் பிளந்துவிடும்.

சண்டிகர் நாற்காலியில் எல்லாமே அறுத்து, இழைத்து, கழுந்தும் (செருகு முனை) துளையுமாகப் பொருத்துகிற வேலை. பல பட்டறைகளில் செய்ததால் அசல்களே அளவில் ஒன்றுக்கொன்று வேறுபடும். நீங்கள் ஒரு செ.மீ. மாற்றினாலும் குற்றமில்லை. தலைகீழ் ‘வி’ போன்ற கால்கள் மேலே சேருமிடத்தில்தான் பாரம் விழுகிறது. அங்கே வெறும் திருகாணி போடும் கடைகளை ஒதுக்குங்கள். கழுந்து 30 மி.மீ. ஆழமாவது போக வேண்டும். பதப்படாத தேக்கில் செய்தால் மழைக்காலம் முடிந்து மரம் சுருங்கியதும் இணைப்பு தளரும். உட்காரும் பகுதிக்குத் துளைவழிக் கைப்பின்னல் கேளுங்கள். துளைகள் சுமார் 12 மி.மீ. இடைவெளியில், சட்டத்தின் விளிம்பை ஒட்டாமல் இருக்கட்டும். முதுகுக்குப் பாரம் குறைவு, ஏற்கெனவே பின்னிய பிரம்புத் தகடு போதும்.

ஓஷிவாரா மரச்சாமான் கடைகளில் ‘ஒரிஜினல் சண்டிகர்’ என்றால் நம்ப வேண்டாம். அசல்கள் அரசு அலுவலகங்களுக்காகச் செய்தவை; 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் ஏற்றுமதிக்கே தடை விதித்தது.

இடத்தைப் பொறுத்தவரை வளைமரம் வெல்கிறது. சுமார் 43 செ.மீ. அகலம், நான்கடி மேசையின் ஒரு பக்கத்தில் இரண்டு தாராளமாக நிற்கும். கைப்பிடி வைத்த சண்டிகர் அரை மீட்டரைத் தாண்டும், கைப்பிடி மேசைச் சட்டத்தில் இடிக்கவும் கூடும். கைப்பிடியில்லாத மாதிரியைக் கேளுங்கள். இருக்கை உயரம் 45 செ.மீ. என்பார்கள், உயரம் குறைந்தவர்கள் உள்ள வீட்டுக்கு 43 போதும், மேசை உயரம் 73.

பிளாஸ்டிக் கிண்ண இருக்கையில் மரக்கால் செருகிய மலிவு ஈம்ஸ் (அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி) நகல்களைக் குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்க்கலாம். கால் தளர்ந்துகொண்டே இருக்கும்.

பிரம்பின் அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் அடிக்க விடாதீர்கள். தொய்ந்தால் அந்தப் பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, யாரும் உட்காராமல் ஓர் இரவு உலரவிட்டால் மறுபடி இறுகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.