வன்னிக் கடைக்கு எது உதவும்: வட்ஸ்அப்பா, பேஸ்புக்கா, கூகுள் மப்பா?

கிளிநொச்சியில் புதுக் கடை திறப்பவர்கள் பெயர்ப்பலகைக்கு அடுத்த வேலையாக ஒரு பேஸ்புக் பக்கம் தொடங்குகிறார்கள். வாழைமரம், குத்துவிளக்கு, நாடா வெட்டும் பெரியவர் என்று திறப்புவிழாப் படங்கள் ஏறும். லைக் விழும். மாதம் ஒன்று போனால் பக்கம் தூங்கிவிடும். வியாபாரமோ முதலாளியின் சட்டைப்பையில் கிடக்கும் போனுக்கு வரும் அழைப்பிலும் குரல்பதிவிலும் நடந்துகொண்டிருக்கும்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் ஒரு சின்னக் கடையின் பலம், ஊரில் எத்தனை போன்களில் அதன் நம்பர் பெயரோடு சேமித்துக் கிடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அந்த எண்ணிக்கையை எது கூட்டும் என்று பார்த்தே ஒவ்வொரு வழியையும் இங்கே எடைபோடுகிறேன். விதிவிலக்குகள் உண்டு. கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரச் சாப்பாட்டுக் கடை அதில் முதலாவது.

யாழ்ப்பாணத்தில் செல்லும் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. அங்கே கடைத்தெருவைச் சுற்றி வீடுகள் நெருங்கி இருக்கின்றன. இங்கே ஒரு புடவைக் கடையின் வாடிக்கையாளர் விசுவமடுவில் ஒருவர், அக்கராயனில் ஒருவர், முத்தையன்கட்டு இடதுகரையில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். சும்மா ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரமில்லை. பஸ் எடுத்து, ஒரு நாளை ஒதுக்கித்தான் வரவேண்டும். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய பல வீடுகளில் முதன்முதலாக வந்த தொலைபேசியே கைபேசிதான். காட்டோரக் கிராமங்களில் இப்போதும் ஒரு சிம்முக்குச் சிக்னல் இருந்தால் மற்றதற்கு இருக்காது. ஆகவே, "அந்த நிறம் இருக்கோ, அந்த அளவு இருக்கோ" என்பதைப் புறப்படும் முன்னமே கேட்டறிய ஒரு வழி இருப்பது இங்கே பஸ் காசையும் ஒரு பகலையும் மிச்சப்படுத்துகிற விஷயம்.

முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி உள்ளூர்களுக்கு ஓடும் வியாபாரி ஒருவரைத் தெரியும். முன்பு ஒழுங்கை ஒழுங்கையாக ஹோர்ன் அடித்துப் போவார். ஆட்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பெற்றோல் எரியும். இப்போது காலையில் கரையில் நின்றபடியே மீனைக் கொட்டி ஒரு படம் எடுத்து, கூடவே ஒரு குரல்பதிவும் போடுகிறார்: "அக்கா, இண்டைக்குப் பாரையும் விளைமீனும் கிடக்கு. நந்திக்கடல் இறாலும் கொஞ்சம் இருக்கு. ஆருக்கு வேணுமெண்டு வெள்ளனச் சொல்லுங்கோ." "எனக்கு ஒரு கிலோ பாரை, துண்டு போட்டுக் கொண்டு வாங்கோ தம்பி" என்று பதில் வரும். புறப்படும்போதே பெட்டியில் பாதிக்கு ஆள் இருக்கும். அவர் எழுதுவதே இல்லை. போனில் தமிழ் தட்டுவது அவருக்குச் சரிவராது. வாங்குகிற அம்மாமாருக்கோ வாசிக்கக் கண்ணாடி தேடவேண்டும். குரல்பதிவு இரண்டு பக்கத்துக்கும் வசதி.

இதே படத்தைப் பேஸ்புக்கில் போட்டால் என்ன ஆகும்? ஒரு பதிவை யாருக்கு, எப்போது காட்டுவது என்பதை அந்தத் தளமே தீர்மானிக்கிறது. காலை 7 மணிக்குப் போட்ட பாரையை ஒருவர் அடுத்த நாள் பின்னேரம் கண்டு "இருக்கோ?" என்று கேட்பார். மீன், பாண், மரக்கறி, சுடச்சுட ரொட்டி போன்றவற்றுக்கு வட்ஸ்அப்தான். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

சின்னக் கடைகளுக்கென்று 2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியும் இலவசம்தான். பொருட்களைப் படமும் விலையுமாக அடுக்கிவைக்கலாம். கடை பூட்டிய நேரத்தில் தானாக ஒரு பதில் போகச் செய்யலாம். "காசு வரவேண்டும்", "புது ஓடர்" என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் நிறத்தில் அடையாளம் ஒட்டிவைக்கலாம். கொப்பியில் எழுதிக் கிறுக்கும் வேலை குறையும். ஆனால் ஒரே நம்பரில் சாதாரண வட்ஸ்அப்பையும் இதையும் சேர்த்து வைத்திருக்க முடியாது. இரண்டாவது சிம்மைக் கடைக்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது. கடையில் நிலையான தொலைபேசி இருந்தால் அந்த இலக்கத்திலேயே கணக்குத் தொடங்கலாம். உறுதிப்படுத்தும் குறியீட்டை அழைப்பாக வாங்கிக்கொள்ளலாம்.

இனிப் பலர் தடுக்கி விழும் இடம். ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். 24 மணித்தியாலம் நிற்கும் ஸ்டேட்டஸும் அப்படித்தான். அதற்கு நீங்களும் அவர்களைச் சேமித்திருக்க வேண்டும். கவுண்டரில் கியூஆர் படம் ஒட்டினால் உரையாடல் திறக்கும், நம்பர் சேமிக்கப்படாது. ஆகவே பில் எழுதும்போதே வாயால் கேட்டுவிடுங்கள்: "அக்கா, இந்த நம்பரைச் சேமிச்சு உங்கட பெயரை அனுப்பிவிடுங்கோ, புதுச் சாமான் வந்தால் படம் போடுவம்." கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை. சேமித்தவரை நாளுக்கு ஐந்து தடவை எழுப்பாதீர்கள், அவ்வளவுதான். கனபேர் முறைப்பாடு போட்டால் நம்பரையே முடக்கிவிடுவார்கள்.

குரூப் தொடங்கலாமே என்று கேட்பார்கள். 1024 பேர் வரை சேர்க்கலாம், உண்மைதான். ஆனால் குரூப்பில் ஒருவரின் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரியும். தையல் கடைக்கோ பன்சிக் கடைக்கோ வரும் தங்கச்சிமாரின் நம்பரை ஊரில் முன்பின் தெரியாத ஆட்களுக்குத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமன் அது. பிறகு இரவில் யாராவது "ஹாய்" அனுப்பினால் பழி கடைக்குத்தான் வரும். பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை. பெறுபவர் ஒருவரையொருவர் காணமாட்டார்கள். குரூப்பில் தினமும் காலை வணக்கப் பூப்படங்களை அழிக்கும் வேலை வேறு.

சரி, பேஸ்புக் முழுக்க வீணா? வன்னிக்கென்றே அதற்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது. அது வெளிநாட்டில் இருக்கும் நம் சனம். புதுக்குடியிருப்பில் வீட்டிலிருந்தே கேக் செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கேக்கைச் சாப்பிடுபவர் பக்கத்து வட்டாரத்தில் இருக்கிறார். காசு கட்டுபவர் டொரன்டோவிலோ பாரிசிலோ சூரிச்சிலோ இருக்கிறார். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஊரில் யார் கேக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று மகன் தேடுவது பேஸ்புக்கில். அவரிடம் உங்கள் நம்பர் இருக்க வழியில்லை. அம்மா கேக் வெட்டுகிற வீடியோவை மகனுக்கு அனுப்பிவைத்து, அவர் சம்மதத்தோடு பக்கத்திலும் ஏற்றினால் அடுத்த ஓடர் அவருடைய நண்பர் வட்டத்திலிருந்து வரும். கனடாவில் இரவு என்றால் இங்கே பகல். நாம் படுத்திருக்கும் நேரத்தில்தான் அவர்கள் கேள்வி கேட்பார்கள். அங்கேதான் அந்தத் தானாகப் போகும் பதில் கைகொடுக்கிறது.

அதே வெளிநாட்டுக் கூட்டம் புடவைக் கடைக்கு வேறு மாதிரி. சேலைப் படத்துக்கு லண்டனில் இருந்து "சூப்பர்" வரும், ஹார்ட் வரும். தருமபுரத்தில் வாங்கக்கூடிய பெண்ணின் கண்ணில் படம் பட்டிருக்காது. காசு கட்டி விளம்பரப்படுத்தும்போது இதைத் திருத்தலாம். எந்த ஊரைச் சுற்றி, எந்த வயதினருக்கு என்று தெரிவுசெய்ய முடியும். நாடு முழுவதும் என்று விட்டுவிட்டால் உங்கள் காசில் தெற்கே காலி நகரில் இருப்பவருக்குக் கிளிநொச்சி விலைக்கழிவு விற்பனை காட்டப்படும். காசு கட்ட வங்கி அட்டை வேண்டும் என்பதால் பலர் இடையில் ஒரு தம்பியைப் பிடிக்கிறார்கள். பிடியுங்கள், தவறில்லை. பக்கத்தின் முழு உரிமையை மட்டும் உங்கள் பெயரில் வைத்திருங்கள். தொடங்கித் தந்த தம்பி வெளிநாடு போனால் பக்கமும் அவரோடு விமானம் ஏறிவிடும்.

டிக்டொக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இளசுகள் அங்கேதான். போன் திருத்தும் கடை, உடுப்புக் கடை, மணப்பெண் அலங்காரம் எல்லாம் அங்கே நன்றாக எடுபடும். வீடியோ ஓடினால் மட்டக்களப்பிலும் அட்டனிலும் பார்ப்பார்கள். கூரியரில் அனுப்பக்கூடிய பொருள் என்றால் அது இலாபம், மதியச் சோற்றுக் கடைக்கு அதனால் என்ன?

வீதியோரக் கடைக்காரருக்கு இதுவரை சொன்னவை பெரும்பாலும் பொருந்தாது. வவுனியா தாண்டி ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று ஏ9இல் ஓடும் வாகனங்களில் இருப்பவர் உங்களை முன்பு கண்டதில்லை, இனிக் காணப்போவதும் சந்தேகம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் விற்பவருக்குக் கூகுள் தேவையில்லை; அங்கே வாகனம் தானாக நிற்கும், தேங்காய் உடைக்கும், கச்சான் வாங்கும். மற்றவர்களுக்குப் பிள்ளையார் வாசல் இல்லை. பசியோடு வருகிறவர் கூகுள் மப்பைத் திறந்து அடுத்து எங்கே சாப்பிடலாம் என்று பார்ப்பார். அதில் நீங்கள் இல்லையென்றால் அவருக்கு நீங்கள் இல்லவே இல்லை.

பதிவது இலவசம். பெயர்ப்பலகை, சுற்றுப்புறம், உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாம் தெரிய ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு உறுதிப்படுத்துவது இப்போது வழக்கம். பெயரை எழுதும்போது தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தெரியும்படி பாருங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கொழும்புப் பக்கமிருந்து வருபவரும், ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்குப் போய்வருபவரும் மூன்று மொழியிலும் தேடுவார்கள். கடை திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளை குட்டிகளோடு இறங்கியவர் எழுதும் விமர்சனம் லேசில் அழியாது.

உள்ளூர் விநியோகத்துக்கும் இந்த வரைபடம் பெரிய உதவி. எங்கள் முகவரிகள் "155ஆம் கட்டை தாண்டி, புளியமரத்தடியால் திரும்பி, மூன்றாவது படலை" என்ற ரகம். வாடிக்கையாளரிடம் வட்ஸ்அப்பில் இருப்பிடத்தை ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த தடவை புளியமரம் தேடவேண்டாம்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களை மறந்துவிட்டு இங்கே வியாபாரக் கணக்குப் போட முடியாது. உரக் கடை, நெல் ஆலை, உழவு இயந்திரம் வாடகைக்கு விடுபவர் ஆகியோரின் வாடிக்கையாளர் வயலில் நிற்கிறார். காலபோக அறுவடை நேரத்தில் அவர் ஸ்டேட்டஸ் பார்க்கமாட்டார், அழைப்பை எடுப்பார். பலருக்கும் ஒரே தடவையில் சொல்ல எஸ்எம்எஸ் உண்டு. ஆனால் தமிழில் அனுப்பினால் சிக்கனம் பார்க்கவேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் அது 70 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம் போகும். "புதுக்குடியிருப்பு" என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து, கணக்கில் 18. ஊர்ப் பெயருக்கே கால்வாசி போய்விட்டது! 70ஐத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு. அதனால்தான் சில கடைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்புகின்றன. ஐயாமாருக்கு அதை வாசிக்கப் பேரப்பிள்ளை வேண்டும். என்னைக் கேட்டால் ஊரை விட்டுவிட்டு "நாளை நெல் எடுக்கிறோம்" என்று தமிழிலேயே சுருக்கமாக அனுப்பி, கீழே கடையின் பெயரைப் போடுவேன்.

கடைக்கென்று தனிச் செயலி செய்து தருகிறோம் என்று வருபவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம். போனில் இடமில்லாமல் படங்களை அழித்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஒரு பலசரக்குக் கடைக்காக இன்னொரு செயலியை இறக்கமாட்டார். அதைவிட ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ மேல். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு விற்பனைக்கு அது இன்னும் வேலை செய்கிறது. அறிவிப்பில் விலையைக் கத்துவதோடு கடையின் நம்பரையும் இரண்டு தடவை நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காசு. ஓடர் போனில் வந்தாலும் பணம் பெரும்பாலும் கையில்தான் வருகிறது. லங்காகியூஆர் ஒட்டினால் எந்த வங்கியின் செயலி வைத்திருப்பவரும் அதே படத்தை ஸ்கேன் பண்ணிக் கட்டலாம். கிளிநொச்சி நகரக் கடைகளுக்கு உதவும். 2012 முதல் இருக்கும் கைபேசிப் பணச் சேவையான ஈசி காஷ் பட்டன் போனிலும் வேலை செய்யும். வெளிநாட்டு ஓடர்களில் வழக்கமாக நடப்பது வங்கி மாற்று: காசு போட்டுவிட்டுச் சிட்டையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். படத்தில் தொகையை மாற்றுவது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. உங்கள் கணக்குக்குக் காசு வந்ததென்று வங்கி எஸ்எம்எஸ் வந்தபிறகு, அல்லது வங்கிச் செயலியில் மீதியைப் பார்த்தபிறகு கேக்குக்கு மாவைக் குழையுங்கள்.