விண்டோஸ் 10இலிருந்து 11க்கு: முதலில் ஸ்கேனரைப் பாருங்கள்

பிழைதிருத்தம் என் தொழில். காலையில் கணினியைத் திறந்தால் இரவுவரை அதன் முன்னால்தான். ஒழுங்காக ஓடுகிற கணினியில் கைவைப்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. அதனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிகிறது என்ற அறிவிப்பு திரையில் வந்தபோதெல்லாம் மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். நவம்பரில்தான் மனம் துணிந்து 11க்கு மாறினேன். இரண்டு மாதம் அதில் வேலை செய்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடுமா என்று பலரும் கேட்கிறார்கள். நிற்காது. கோப்புகள் அப்படியே இருக்கும், எல்லாம் திறக்கும். ஆனால் இயங்குதளத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர்வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள், உண்மைதான். அது காவலாளியிடம் திருடர்களின் படங்களைக் கொடுத்துவைப்பது மாதிரி. கதவின் தாழ்ப்பாள் ஆடினால் அதை அது சரிசெய்யாது. மற்றவர்களின் அச்சாகாத கையெழுத்துப் பிரதிகள் என் கணினியில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு அப்படியே இருக்க எனக்கு மனம் வரவில்லை.

என் மேசைக் கணினியில் இருப்பது இன்டெல் 8ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்கும். ஆனால் தகுதியைச் சோதிக்கும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக்கை ஓட்டியதும் "தகுதியில்லை" என்றது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லையாம். தம்பியிடம் போனில் சொன்னேன். "அக்கா, அது உள்ளேயேதான் இருக்கும், பயாஸில் அணைத்துவைத்திருப்பார்கள். பிடிடி என்று போட்டிருக்கிறதா பாரு" என்றான். இருந்தது. விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரைதான் பயாஸ், இன்டெல் தன் டிபிஎம்முக்கு வைத்த பெயர் பிடிடி. ஒரே மாற்றம், டிபிஎம் வந்துவிட்டது. தகுதியில்லை என்று வந்ததுமே புதுக் கணினிக்குக் கணக்குப் போட ஆரம்பிக்காதீர்கள். முதலில் பயாஸைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது செக்யூர் பூட், அதாவது நம்பகமான மென்பொருளை மட்டுமே கொண்டு கணினியைத் தொடங்கவைக்கும் பாதுகாப்பு. யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில்தான் அது ஓடும். இங்கேதான் நான் அவசரப்பட்டேன். என் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரித்தது. அதை மாற்றாமலே பயாஸில் யுஇஎஃப்ஐ முறைக்குப் போய்விட்டேன். கறுப்புத் திரை, பூட் செய்ய எதுவும் இல்லை என்று ஒரு வரி. கை சில்லிட்டுவிட்டது. பழைய அமைப்புக்குத் திருப்பியதும் விண்டோஸ் ஒரு குறையுமில்லாமல் எழுந்தது. முதலில் டிஸ்க், பிறகு பயாஸ். இதுதான் சரியான வரிசை. டிஸ்கை யுஇஎஃப்ஐக்கு வேண்டிய ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸுக்குள்ளேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, கோப்புகளை அழிக்காது. மாற்றும் முன் சோதித்து மட்டும் பார்க்கலாம். என் டிஸ்கில் நான்கு பார்ட்டிஷன் (பிரித்த பகுதிகள்) இருந்ததால் அந்தச் சோதனையிலேயே மறுத்துவிட்டது, மூன்றுக்கு மேல் கூடாது. காலியாகக் கிடந்த ஒன்றை நீக்கியதும் ஒத்துக்கொண்டது. இதையெல்லாம் தொடுவதற்கு முன் வெளி டிஸ்கில் முழு பேக்கப் எடுத்திருந்தேன். அது இல்லாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். உங்கள் டிஸ்க் ஏற்கெனவே பிட்லாக்கரால் பூட்டி மறையாக்கப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைத்த பிறகு பயாஸுக்குள் போங்கள்.

அதன்பின் நிறுவியது ஒன்றரை மணி நேர வேலை, சொல்ல ஒன்றுமில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் பிசகில்லாமல் திறந்தன. தமிழ் 99 விசைப்பலகையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஸ்கேனர்தான் வேலை செய்யவில்லை.

அப்பா எழுதிவைத்துப்போன 14 நோட்டுப் புத்தகங்களை வாரம் ஒன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். பென்சில் எழுத்து, சில பக்கங்களில் மங்கி நிழலாகத்தான் தெரிகிறது. அந்த நிழலையும் பிடிக்கிற ஸ்கேனர் இது. தயாரித்த நிறுவனம் புது டிரைவர், அதாவது ஸ்கேனரை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10இல் விண்டோஸ் 7 காலத்து டிரைவரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். 11இல் கோர் ஐசோலேஷன் பகுதியிலுள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி அந்த டிரைவரை ஏற்கவில்லை. அந்தப் பாதுகாப்பை அணைத்தால் ஓடும். பாதுகாப்புக்காகவே மாறிவிட்டு அதையே அணைத்துவைக்க எனக்கு ஒப்பவில்லை. திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தேன். மாறிய 10 நாட்களுக்குள் அமைப்புகளிலிருந்தே விண்டோஸ் 10க்குத் திரும்ப முடியும். ஒன்பதாம் நாள்வரை அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

வழி பழைய மடிக்கணினியில் கிடைத்தது. அது 7ஆம் தலைமுறை, 11 ஏற்காது. அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை யுஎஸ்பியிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பார்த்தேன். ஸ்கேனரைச் செருகினேன். டிரைவர் எதுவும் போடவில்லை, பெயரோடு பட்டியலில் வந்து நின்றது. சேன் என்ற திறமூலத் திட்டத்தில் இப்படிப் பல பழைய ஸ்கேனர்களுக்கு ஆதரவு இருக்கிறது. அன்றே நிறுவிவிட்டேன்.

விண்டோஸ் 11 எப்படி? வேகத்துக்காக மாறாதீர்கள். என் கணினியில் திறக்கும் நேரம் முன்பு 21 வினாடி, இப்போது 22. எனக்கு உண்மையில் உதவுவது சாளரங்களை அடுக்கும் வசதி. விண்டோஸ் விசையோடு இசட்டை அழுத்தி, இடப்பக்கம் மூலப்பிரதி, வலப்பக்கம் திருத்தும் பிரதி, மூலையில் அகராதி என்று நொடியில் வைத்துவிடுகிறேன். ஒரு நாளில் நாற்பது முறை செய்கிற வேலை இது. கோப்பு மேலாளரில் தாவல்கள் வந்ததும் நிம்மதி. வலது சொடுக்கில் பட்டியல் குறுகிவிட்டது, ஷிஃப்டோடு சொடுக்கினால் பழைய முழுப் பட்டியல் வரும். நடுவிலிருந்த ஸ்டார்ட் பொத்தானை முதல் நாளே இடப்பக்கம் தள்ளிவிட்டேன்.

தகுதியுள்ள கணினி என்றால் மாறலாம், நான் வருந்தவில்லை. ஆனால் மாறுவதற்கு முன் மேசையில் செருகியிருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் 11க்கான டிரைவர் இருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். நான் அதைப் பார்க்கவில்லை. உங்களுடையது 32 பிட் விண்டோஸ் 10 என்றால் நேரடியாக மேம்படுத்த முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும், ஏனெனில் விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. தகுதியே இல்லாத கணினிக்கு, வீட்டுப் பயனர்களுக்கென நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13வரை என்று அறிவித்தார்கள். அதில் சேர விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். அந்த அவகாசத்தில் லினக்ஸை யுஎஸ்பியில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்பாவின் ஒன்பதாவது நோட்டு இப்போது மடிக்கணினியில் ஏறிக்கொண்டிருக்கிறது. 300 டிபிஐ நுணுக்கத்தில் தெரியாத பென்சில் கோடுகள் 600இல் தெரிகின்றன, அதனால் முதல் எட்டையும் மறுபடி எடுக்கப்போகிறேன்.