லம்ப்ஃபிஷ், ராஸ்: சால்மன் கூண்டுக்குள் எது படும் பாடு அதிகம்?

பினாங்கில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இக்கான் பண்டாராயாவைத் தெரியாமல் இருக்காது. மாநகராட்சி ஆள் போல அழுக்கை எடுக்கும் என்பதால் மலாயில் வந்த பெயர். பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுத் தொட்டியிலும் ஒன்று இருந்தது. “அதுக்குத் தனியா தீனி வேணாம், பாசியைத் தின்னுக்கும்” என்று கடைக்காரர் சொன்னார், நம்பினேன். ஒருநாள் அது கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றபோது வயிறு தெரிந்தது. உருண்டிருக்க வேண்டிய இடம் கிண்ணம் போல உள்வாங்கியிருந்தது. மூன்று நாளில் செத்துப்போனது. வேலையையே சாப்பாடு என்று நினைத்துவிட்டேன். அந்த வயிறு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இங்கே பேரங்காடிகளில் ஐஸ் மேல் அடுக்கியிருக்கும் நார்வே சால்மனுக்குப் பின்னாலும் இதே நினைப்பு இருக்கிறது. கடலில் வலைக் கூண்டுகளில் வளர்க்கும் சால்மனின் தோலையும் சளியையும் கடல் பேன் என்னும் ஒட்டுண்ணி அரித்துத் தின்னும். மருந்துக்குப் பேன் பழகிவிட்டதால், பேனைத் தின்னும் ‘துப்புரவு மீன்’களைக் கூண்டுக்குள் விடுகிறார்கள். 2019 வாக்கில் நார்வேயில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60 மில்லியன் மீன்கள் இப்படி இறக்கப்பட்டன. இவற்றில் பெரும்பங்கு இரண்டு வகைதான்: லம்ப்ஃபிஷ், ராஸ்.

லம்ப்ஃபிஷ் உருண்டையான, முண்டு முண்டான மீன். மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது, நீந்துவதிலும் சமர்த்து இல்லை. வயிற்றடியில் உள்ள உறிஞ்சு வட்டால் பாறையிலோ கடற்பாசி இலையிலோ ஒட்டிக்கொண்டு இளைப்பாறுவதுதான் அதன் பிழைப்பு. கூண்டு வலையோ முழுக்க ஓட்டை. வழவழப்பான பரப்பு எதையும் தொங்கவிடவில்லை என்றால், நீரோட்டம் பலமான இடத்தில் அது ஓயாமல் நீந்தியே தீர வேண்டும். குளிரைத் தாங்கும், கோடையில் தண்ணீர் சூடேறினால் துவண்டுவிடும். பாக்டீரியா நோய்களும் கண்புரையும் அடிக்கடி வரும். வளர வளரப் பேன் மேல் நாட்டம் குறைகிறது. பண்ணையில் சில மாதங்களிலேயே கூண்டில் விடும் அளவுக்கு வளர்த்துவிடலாம் என்பதால், செத்தால் அடுத்த தொகுதி தயார். எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

ராஸ் வேறு மாதிரி. பாறை இடுக்கிலும் கடற்பாசிக் காட்டிலும் வாழ்வது, இரவானால் ஒதுங்கித் தூங்குவது. ராஸ் இனங்களில் ஒன்றான பாலன் ராஸுக்கு இரைப்பையே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தின்றாக வேண்டும், பேன் குறைந்த நாளில் பட்டினிதான். காற்றுப்பைக்கு வெளிவழி கிடையாது, அதனால் ஆழத்திலிருந்து வலையைச் சட்டென்று தூக்கினால் உள்ளே காற்று விரிந்து உடலைச் சிதைக்கும். குளிர்காலத்தில் மந்தமாகி ஒதுங்கிவிடும், வட நார்வேக்கு ஏற்றதே இல்லை. பண்ணையில் வளர்க்கச் சுமார் ஒன்றரை ஆண்டு ஆவதால், பெரும்பாலும் கடலில் பிடித்துத்தான் கொண்டுவருகிறார்கள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பிடித்தவை ஸ்காட்லாந்து வரை பயணம் போயிருக்கின்றன. பாலன் ராஸ் பெண்ணாகப் பிறந்து, சில மட்டுமே பின்னாளில் ஆணாக மாறும். அதனால் அளவு பார்த்துப் பிடிக்கும்போது கடலில் ஆண்-பெண் கணக்கே குலைந்துவிடக்கூடும்.

பேன் கட்டுக்கடங்காமல் போனால் இரண்டுக்கும் ஒரே கதிதான். சால்மனை 28 முதல் 34 டிகிரி வரை சூடான தண்ணீரில் முக்கியெடுப்பார்கள், அல்லது தூரிகையாலும் நீர்ப்பீச்சாலும் தேய்ப்பார்கள். அதற்கு முன் துப்புரவு மீன்களைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். பிடிபடாதவை சால்மனோடு சேர்ந்து உள்ளே போகும். குளிர்நீரில் பிறந்த லம்ப்ஃபிஷ்ஷுக்கு அந்தச் சூடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நார்வே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-19இல் பண்ணைகளை ஆராய்ந்தபோது, துப்புரவு மீன்களின் இறப்பு விகிதத்தில் நடு அளவே 42 விழுக்காடு. மனிதனுக்குப் பயன்படுவதைத் தாண்டி விலங்குக்குத் தனி மதிப்பு உண்டு என்று 2009 சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அது.

இரண்டில் ஒன்றுதான் என்றால், மிதமான குளிருள்ள தென்பகுதியில் பண்ணையில் வளர்ந்த பாலன் ராஸைச் சொல்வேன். ஒளிய மறைப்பும், கூண்டில் தொங்கும் தீனிக்கட்டியும் வேண்டும், முட்டையிலிருந்தே மனிதர் கையில் வளர்ந்திருக்கவும் வேண்டும். அலை மோதும் திறந்த கடல் கூண்டில் லம்ப்ஃபிஷ்ஷை விடவே கூடாது. அதன் உடல்வாகு அதற்கில்லை.

ஆனால் என் மனம் மூன்றாவது வழியில்தான் நிற்கிறது. பேன் குஞ்சுகள் பெரும்பாலும் மேல்மட்ட நீரில்தான் மிதக்கும். கூண்டின் மேற்பகுதியைச் சுற்றித் துணித்திரை கட்டலாம். அல்லது சால்மனை ஆழத்தில் நிறுத்தி, மேலே வந்து காற்றுப்பைக்குக் காற்றை விழுங்கக் குழாய் போன்ற ஒரு பாதை மட்டும் விடலாம். திரைக்குள் பிராணவாயு குறைவதால் கண்காணிப்புக்குச் செலவாகும், அது உண்மைதான். அந்தச் செலவைச் சால்மன் விலையில் ஏற்றினால் நான் கொடுத்து வாங்கத் தயார். இப்போது வரை அதை லம்ப்ஃபிஷ்ஷும் ராஸும் தங்கள் உயிரால் கட்டிக்கொண்டிருக்கின்றன.